தண்ணிக்குப் போற வழி யாரு காசு?

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல வேலை, பணம், ஊர்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு சிமென்ட் சரிவைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும் கேளுங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ்ல என்னை ஆன்சைட் அனுப்பினாங்க. அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலம், சியாட்டில் பக்கம். அங்க எங்க திரும்பினாலும் தண்ணி. ரூம்மேட்டும் நானும் சேர்ந்து காத்தடிச்சு ஊதுற கயாக் ஒண்ணு வாங்கினோம், செகண்ட் ஹேண்ட். ஒரு சனிக்கிழமை காலைல பக்கத்து ஏரிக்குப் போனோம்.

நம்ம ஊர்ல போட்டிங்னா என்ன? ஊட்டியோ முட்டுக்காடோ, டிக்கெட் வாங்கணும், லைஃப் ஜாக்கெட் போடணும், அவங்க படகுல ஏறணும். அங்க அப்படி இல்ல. படகு உங்களோடது. காருக்குப் பின்னாடி டிரெய்லர்ல கட்டி எடுத்துட்டு வரணும். கரையில ஒரு சிமென்ட் சரிவு தண்ணிக்குள்ள இறங்கும். டிரெய்லரை ரிவர்ஸ்ல இறக்கினா படகு மிதக்க ஆரம்பிச்சிடும். இதுக்குப் பேர்தான் ரேம்ப். பக்கத்துல ஒரு மிதவை மேடை, பார்க்கிங், கழிப்பறை. அவ்வளவுதான்.

நாங்க ரேம்ப் ஓரத்துல உக்காந்து கயாக்குக்குக் காத்தடிச்சிட்டு இருந்தோம். பின்னாடி மோட்டார் படகோட ஒரு பெரியவர் காத்துட்டு இருந்தார். கொஞ்ச நேரத்துல இறங்கி வந்து சொன்னார்: "இந்த ரேம்ப் எங்க வரியில கட்டினது. நீங்க ஒரு பைசா கட்டல."

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. நான் வேத்து நாட்டுக்காரன்றதால சொல்றாருன்னு நினைச்சேன். பதில் சொல்ல வார்த்தை வரல. கயாக்கைத் தூக்கிட்டு ஓரமா போயிட்டோம். ஆனா அந்த வாக்கியம் ராத்திரி தூங்க விடல. உண்மையிலேயே யாரு காசு அது? உக்காந்து தேட ஆரம்பிச்சேன்.

அவர் சொன்னதுல பாதி உண்மை. முதல்ல அந்தப் பாதியைச் சொல்றேன்.

வாஷிங்டன் மாநிலத்துல 1944-ல அரசியல் சட்டத்தையே திருத்தி, பெட்ரோல் வரி சாலைக்கு மட்டும்தான்னு பூட்டு போட்டாங்க. சரி, ஆனா படகு ஓட்டுறவன் போடுற பெட்ரோல் சாலையில ஓடலையே? அதனால படகுக்காரங்க அந்த வரியைத் திருப்பிக் கேட்கலாம்னு சட்டத்துல இடம் இருந்துச்சு. பில்லை எல்லாம் சேர்த்து வெச்சு, விண்ணப்பம் போட்டு வாங்கிக்கணும். யாரு செய்வா? நம்ம போன்ல வர்ற கேஷ்பேக் கூப்பன் மாதிரிதான். நிறைய பேர் கேட்கவே இல்ல. கேட்காத காசு சாலை நிதியிலேயே தங்கிடுச்சு.

1964-ல ஒரு யோசனை வந்துச்சு. யாரும் கேட்காத இந்தக் காசைப் படகுக்காரங்களுக்கே பயன்படுற மாதிரி, கரையோர நிலம் வாங்கவும் வசதி செய்யவும் கொடுத்தா என்ன? இனிஷியேட்டிவ் 215-னு பேர். சட்டமன்றம் போட்ட சட்டம் இல்ல இது, மக்களே நேரடியா ஓட்டுப் போட்டு நிறைவேத்தினது. அதுல பிறந்ததுதான் படகு வசதித் திட்டம், இன்னைக்கும் நடக்குது. படகுகள் எவ்வளவு பெட்ரோல் எரிக்குதுன்னு கணக்கெடுத்து, அந்தப் பங்கை ஒதுக்குறாங்க. அதுல பாதி மாநிலத் துறைகளுக்கு, பாதி நகராட்சி, கவுண்டி, துறைமுக மாவட்டம் மாதிரியான உள்ளூர் அமைப்புகளுக்கு.

மத்திய அரசுலயும் இதே கதைதான். 1950-ல டிங்கெல்–ஜான்சன் சட்டம் வந்துச்சு. தூண்டில், ரீல், செயற்கை இரை இதுக்கெல்லாம் 10 சதவீத வரி. அந்தக் காசு மீன்வளத்துக்குன்னு மாநிலங்களுக்குப் போகும். 1984-ல வாலப்–புரோ திருத்தம் வந்து படகு எரிபொருள் வரியையும் இதோட சேர்த்தாங்க. இப்போ ஒரு மாநிலம் அந்த மீன்வள நிதியில வாங்குற பங்குல 15 சதவீதம் படகு இறங்குற வசதிக்குன்னு ஒதுக்கணும். செலவுல 75 சதவீதம் வரை மத்திய நிதி, மீதி மாநிலம் போடணும்.

1998-ல இன்னொண்ணு சேர்த்தாங்க. 26 அடி அல்லது அதுக்கு மேல நீளமான படகுல ஊர் ஊராப் போறவங்க சில நாள் கட்டி நிறுத்த ஜெட்டிக்கு மானியம். பெரிய படகு வெச்சிருக்கவனுக்கு எதுக்கு அரசாங்கக் காசுன்னு எனக்கும் கேட்கத் தோணிச்சு. வந்து நிக்கிறவன் அந்த ஊர்ல சாப்பிடுவான், டீசல் போடுவான், கடைக்குப் போவான்றது சின்ன ஊர்களோட வாதம்.

இந்த மானியம் கேட்ட உடனே கிடைக்கிறது இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை விண்ணப்பம். ஏன் இந்த இடம், எவ்வளவு பேருக்குப் பயன், டிசைன் எப்படின்னு ஒரு குழு முன்னாடி போய் விளக்கணும், அவங்க மார்க் போடுவாங்க. உள்ளூர் அமைப்பா இருந்தா செலவுல குறைஞ்சது 25 சதவீதம் சொந்தமா போடணும். அதுவும் முதல்ல செலவு பண்ணிட்டு, பில் கொடுத்துதான் திரும்ப வாங்கணும். கையில காசு இல்லாத குட்டி ஊருக்கு இது பெரிய தடை. மானியம் தேவைப்படுற ஊருக்கே விண்ணப்பம் எழுத ஆள் இருக்காது.

சரி, இப்போ அந்தப் பெரியவர் சொல்லாத மீதிப் பாதி.

ஒண்ணு, அந்த 25 சதவீதம் எங்கிருந்து வருது? பெரும்பாலும் உள்ளூர் வரிப் பணம். சொத்து வரி, விற்பனை வரி. நான் வாடகை கொடுத்தேன். அதுக்குள்ள வீட்டுக்காரரோட சொத்து வரி இருக்கு. கடையில வாங்கின சட்டைக்கு விற்பனை வரி கட்டினேன்.

ரெண்டு, எங்க கயாக்ல ஒரு தூண்டில் இருந்துச்சு, நாப்பது டாலர். அந்த 10 சதவீத வரியைத் தயாரிக்கிற, இறக்குமதி பண்ற கம்பெனிகிட்ட வாங்குறாங்க. அதனால பில்லுல தனியாத் தெரியாது, விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மூணு டாலரோ என்னவோ, நானும் அந்த நிதிக்குக் கட்டியிருக்கேன்! இதைக் கண்டுபிடிச்ச ராத்திரி ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். அவன் திட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டான்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா, மூணு டாலர் கட்டிட்டேன்னு ஜெயிக்கிறதுல அர்த்தமே இல்ல. கட்டலைன்னா எனக்கு அங்க இடம் இல்லையா? இதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு.

அந்த மாநிலத்துல தண்ணி பொதுச் சொத்து. ஆனா தண்ணிக்குப் போற வழி பொதுச் சொத்து இல்ல. 1889-ல மாநிலம் ஆனதுல இருந்து 1971 வரைக்கும் கடலோர அலைப்படுகை நிலத்தை அரசாங்கமே வித்துட்டு இருந்துச்சு. பாதிக்கு மேல தனியார் கைக்குப் போயிடுச்சு. ஏரிக்கரையிலயும் வரிசையா பங்களாதான். தண்ணி கண்ணுக்குத் தெரியும், காலை நனைக்க வழி இருக்காது. அந்த மாதிரி கரையில பொது ரேம்ப்ன்றது ஒரு கதவு.

அந்தக் கதவு மூடாம இருக்கணும்னுதான் மானியத்தோட நிபந்தனைகள் வருது. மானியத்துல வாங்கின நிலத்தை நாளைக்கு நகராட்சி ஓட்டல் கட்டக் கொடுக்க முடியாது. கொடுத்தே ஆகணும்னா, குறைஞ்சது அதே மதிப்பும் அதே அளவு பயனும் உள்ள வேற இடத்தைப் பொதுமக்களுக்குக் கொடுக்கணும். நீ வெளியூர்னு சொல்லி யாரையும் வாசல்ல நிறுத்தவும் முடியாது. அதனால அரசாங்கம் மானியம் கொடுத்து வாங்குறது சிமென்ட் மட்டும் இல்ல, இந்த இடம் எல்லாருக்கும் திறந்திருக்கும்ன்ற வாக்குறுதியையும் சேர்த்துதான்.

கயாக்குக்கும் தனி நிதி இருக்கு. மோட்டார் இல்லாத படகுகளும் நடந்து வர்றவங்களும் தண்ணிக்கு இறங்க, 1990-ல வந்த இன்னொரு மாநிலத் திட்டத்துல ஒரு பிரிவு. 1984-ல வந்த வேறொரு நிதி இன்னும் சுவாரஸ்யம். மாநிலத்துக்குச் சொந்தமான நீரடி நிலத்துல கிடைக்கிற வருமானம் அது. அங்க கூயிடக்னு ராட்சச சிப்பி ஒண்ணு விளையும், அதை ஏலம் விட்டு வர்ற காசும் இதுல சேரும். சிப்பி வித்த காசுல நமக்குக் கரை!

இப்போ அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோபம் இல்ல. "படகுக்காரன் காசு படகுக்கே"ன்னு பூட்டுப் போட்டதாலதான் அறுபது வருஷமா அந்த நிதி வேற செலவுக்கு முழுசாக் கரையாம நிக்குது. ஆனா அதே பூட்டுதான் கட்டுறவனுக்கு "இது என்னோடது"ன்ற நினைப்பையும் கொடுக்குது. ரெண்டும் ஒரே நாணயத்துல இருக்கு. இதுக்கு மேல, பெட்ரோலை நம்பின நிதி இது. மத்திய பெட்ரோல் வரி ஒரு காலனுக்கு 18.4 சென்ட், 1993-ல இருந்து ஏறவே இல்ல. ரேம்ப் கட்டுற செலவு ஏறிட்டே இருக்கு. மின்சார மோட்டார் வர வர வசூலும் குறையும். அப்போ இந்தக் கதவை யாரு காசுல திறந்து வைக்கிறதுன்ற கேள்வி மறுபடி வரும்.

ஊருக்குத் திரும்புறதுக்கு முந்தின வாரம் அதே ரேம்புக்குப் போனோம். இந்த முறை கயாக்கை பார்க்கிங்கிலேயே ஊதி, தயாரா எடுத்துட்டு வந்தோம். ரேம்பை அடைச்சிட்டு உக்கார்றது எங்க தப்புன்னு இதுக்குள்ள புரிஞ்சிருந்துச்சு. ஒரு அம்மா படகை இறக்கிட்டு, எங்களைப் பார்த்து முதல்ல போங்கன்னு கை காட்டினாங்க. யாரு காசுன்னு யாரும் கேட்கல. ரெண்டு நிமிஷத்துல தண்ணிக்குள்ள இருந்தோம்.

உங்க ஊர்ல தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சும் இறங்க வழியில்லாத இடம் இருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.