வாய் திறந்து சொல்லாத பிள்ளைக்கு யார் பொறுப்பு?

(சித்தாண்டியில் நடந்த எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக் கூட்டங்களில் ஒன்றையாவது நகரத்துக்கு வெளியே, சித்தாண்டியில் வைக்க வேண்டுமென்று நாம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய, செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலை இன்றும் இரத்மலானையில் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. விசேட பாடசாலைகள் பலவோ இன்னும் தொண்டு அமைப்புகளிடமே இருக்கின்றன. அரச உதவி பெறும் இடங்களில் ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. விடுதி, சாப்பாடு, வாகனம், இரவில் பிள்ளைகளோடு படுக்கும் பணியாளர் எல்லாம் பெரும்பாலும் நிர்வாக சபையின் பாடு. பழைய மாணவியர் நாம் பலர் இப்படியான சபைகளில் இருக்கிறோம். கேட்டால் மறுக்க மாட்டோம். பெயர்ப்பலகையில் பெயரும் வரும்.

எம்மில் மூவர் அப்படியொரு சபையில் இருந்தோம். பாடசாலையின் பெயர் வேண்டாம். ஒரு கூட்டத்தில் பேச வேண்டியவை பன்னிரண்டு. விளையாட்டுப் போட்டிக்கு யாரைப் பிரதம விருந்தினராக அழைப்பது என்பதற்கு முக்கால் மணித்தியாலம் போனது. நன்கொடையாக வந்த கணினிகளுக்கு அரை மணித்தியாலம். கடைசியில், பேச்சு வராத ஒன்பது வயதுப் பையன் வானில் ஏற மறுக்கிறான் என்று விடுதிப் பொறுப்பாளர் சொன்னார். நேரமாகிவிட்டது. ‘ஏனையவை’ என்ற தலைப்பில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து.

அதற்கிடையில் பையனின் தாய் சித்தாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். வானில் உதவிக்கு நின்றவர் அடித்த தழும்பைக் குளிக்க வார்க்கும்போது கண்டிருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை.

“மிஸ், நீங்க படிச்ச ஆக்கள். எண்ட புள்ள வாய் துறந்து சொல்லாது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

எமக்குத் தெரிந்திருந்தது. கூட்டக் குறிப்பிலேயே இருந்தது. மூவருடைய கையொப்பமும் அதன் கீழ் இருந்தது.

பொதுவான பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்தால் அது வீட்டில் சொல்லும். பெற்றோர் வலயக் கல்வி அலுவலகம் போவார்கள். இங்கே பிள்ளையால் சொல்ல முடியாது. இருக்கிற ஒரே இடத்தையும் இழந்துவிடுவோமோ என்று பெற்றோரும் பயப்படுவார்கள். அதனால் சபை கண்டுபிடிக்காததை வேறு யாரும் கண்டுபிடிப்பது அரிது. பணம் சேர்ப்பதை விடப் பெரிய வேலை இதுதான் என்று அந்தத் தாயிடமிருந்துதான் படித்தோம்.

பிறகு சிலவற்றை மாற்றினோம். பிள்ளைகளைப் பற்றிய விடயம் இப்போது கூட்டத்தில் முதலில் வருகிறது. மாதம் ஒருமுறை இருவர் சொல்லாமற் கொள்ளாமற் போய், சாப்பாட்டு நேரத்திலும் படுக்கை நேரத்திலும் பார்க்கிறோம். வானில் பெண் பணியாளர் ஒருவரும் போகிறார். பெற்றோர் இருவர் சபையில் இருக்கிறார்கள். உறுப்பினரின் உறவினருக்குச் சாமான் விநியோகம் கொடுப்பதில்லை. இதற்காக ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினார், விலகட்டும். முறைப்பாடு வந்தால் எமக்குள் பேசித் தீர்ப்பதில்லை. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கிறோம். அதன் 1929 என்ற இலக்கம் வானுக்குள்ளும் ஒட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. “இந்தப் பிள்ளையைச் சமாளிக்க ஏலாது” என்று வாசலில் வைத்தே திருப்பி அனுப்பும் பழக்கம் எமக்கும் இருந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. இப்போது மறுக்க வேண்டி வந்தால் சபை கூடிக் காரணத்தை எழுதுகிறது. எழுத உட்கார்ந்தால் பாதிக் காரணங்கள் நிற்பதில்லை.

பெற்றோர் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று முன்பெல்லாம் குறைப்பட்டோம். மாரி மழைக்கு முந்தனையாறு பெருகினால் இந்தப் பக்கத்துத் தாய்மார் தூக்க வேண்டிய பிள்ளையோடு எப்படி நகரத்துக்கு வருவது? நாம் வருவது சுலபம். அதனால்தான் இன்று இங்கே.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புங்கள், கூடவே கணக்காய்வு அறிக்கையையும், கடைசியாகப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்தவர் யார், என்றைக்கு என்பதையும் கேளுங்கள். கேட்டால் நாம் கோபிக்க மாட்டோம்.

சபையில் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. வர விரும்புவோர் தேநீர் நேரத்தில் எம்மோடு பேசலாம். முதலில் இந்தத் தாய்மாரோடு பேசிவிட்டு வாருங்கள்.