ஒலிபெருக்கியின் யோக்கியதை

(நெய்க்காரப்பட்டியில் செய்த சொற்பொழிவு)



பாட்டும் பேச்சும் பதிவு செய்து பிழைக்க முனைந்திருக்கும் இவ்வூர் வாலிபத் தோழர் ஒருவர், கடைக்காரர் "உள்ளதை உள்ளபடியே ஒலிக்கும்" என்று சொல்லும் ஒரு ஜோடி ஒலிபெருக்கியைக் கடன்பட்டாவது வாங்கலாமா என்று நம்மைக் கேட்டார். கடன் என்று சொன்னதால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

கேட்டு மகிழ்வதற்கு எந்தப் பெட்டியானாலும் சரி. ஆனால் பதிவின் குற்றங்குறைகளைத் திருத்துகிறவருக்கு அது தராசு போன்றது. பெட்டி தானாகக் கீழ்ஸ்தாயியைக் கூட்டிக் காட்டுமேயானால், பதிவில்தான் அது அதிகமென்று எண்ணி அவர் குறைத்துவிடுவார். பிறகு அதே பாட்டு அயலார் வீட்டில் சோகை பிடித்ததுபோல் ஒலிக்கும். பழியோ பாடினவர் தலையில் விழும்!

சரி, கடைக்காரர் சொல்லுவதற்கு என்ன ருஜு? பெட்டியின் மேல் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருக்கிறதாம். அதற்குள் எத்தனை டெசிபல் ஏறும், எத்தனை இறங்கும் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இவ்வூரில் சர்க்கரை வாங்க வருகிற வியாபாரி சாக்கின்மேல் எழுதியிருப்பதைப் பார்த்தா விலை பேசுகிறார்? கிள்ளி வாயில் போட்டுத்தானே பேசுகிறார்!

"நானே காதால் கேட்டேனே" என்பீர்கள். கேட்டது காது மாத்திரமா? 1994-ல் அமெரிக்காவில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர், ஒலிபெருக்கி செய்யும் ஹார்மன் கம்பெனியின் சிப்பந்திகள் 40 பேரைக் கொண்டே ஒரு பரீட்சை நடத்தினார்கள். நான்கு பெட்டிகளைத் திரைக்குப்பின் வைத்துக் கேட்டபோது ஒருவித மார்க்கு; பார்த்துக்கொண்டே கேட்டபோது வேறுவித மார்க்கு. திரைக்குப்பின் நன்றாய் ஒலித்த சிறிய மலிவுப் பெட்டி, கண்ணில் பட்டவுடன் கீழே இறங்கிவிட்டது. தொழில் தெரிந்தவர்கள் கதியே இதுவானால் நம் கதி என்ன?

ஆதலால் நாம் அத்தோழருக்குச் சொன்னதாவது: பழைய பெட்டி ஒன்றையும் புதியது ஒன்றையும் மெல்லிய வேஷ்டித் திரைக்குப்பின் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் வைக்கவேண்டும். ஜோடியாகக் கேட்டால் குறை மறைந்துபோகும். சுவர் மூலையில் வைத்தாலோ கீழ்ஸ்தாயி பெருகும். முக்கியமாக, இரண்டின் சத்தமும் சமமாயிருக்கவேண்டும். சற்று உரக்கக் கேட்பதே நயமென்று தோன்றும். (இந்த சூட்சுமம் கடைக்காரர்களுக்கு நன்றாய்த் தெரியும்.) சத்தத்தை அளக்கக் கைபேசியே போதும்.

எதை ஒலிக்கச் செய்வது? மிருதங்கத்தையே சொல்லுவோம். அதன் வலந்தலையில் பூசிய கருஞ்சோறுதான் பெரும்பாலான தோற்கருவிகளுக்கில்லாத சுருதி சேர்ந்த நாதத்தைத் தருகிறதென்று 1920-லேயே சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதினார். இடந்தலையோ தாழ்ந்து முழங்கும். இரண்டையும் பிசகாமல் காட்டுவது எளிதல்ல. வாசிக்கத் தெரிந்த தோழர் திரைக்குமுன் ஒருமுறை வாசிக்கட்டும். பிறகு அவருடைய பதிவை இரு பெட்டியிலும் கேட்போம்.

வரும் ஞாயிறன்று மாலை இதே இடத்தில் இப்பரீட்சை நடக்கும். கேட்பவர்கள் பக்கத்திலிருப்பவரோடு பேசாமல், முதலாவதா இரண்டாவதா என்று சீட்டில் எழுதித் தரவேண்டும். கடைக்காரரையும் அழைத்திருக்கிறோம்.