பூசையும் பட்டாவும்



பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை கேட்டு மனுப் போடுகிறோம். போடத்தான் வேண்டும். அதோடு நிற்கலாமா?

இன்றைய ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூரைப் பாருங்கள். 1885இல் தோர்பா சென்ற பெல்ஜியப் பாதிரியார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ், முண்டாக்களின் மொழியைக் கற்றார். நிலச் சட்டத்தையும் கற்றார். ஜமீன்தார்களுக்கு எதிரான வழக்குகளில் துணை நின்றார். மக்கள் கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். நிலத்துக்காக வந்தவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். நிலம் பறிபோனவன் வேறு எதற்காக வருவான்? பின்வந்த ஹாப்மன் பாதிரியாரின் உழைப்பு 1908ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தில் உண்டு. 1909இல் கூட்டுறவுக் கடன் சங்கமும் தொடங்கினார்.

நம் குடிசைகளுக்கும் பட்டா இல்லை. ஞாயிறன்று பங்குச் சாமியாரைப் பார்க்கப் போகும்போது அந்த மனுவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.