மனம் படித்தவருக்கு எங்கே இடம்?



"உளவியல் படித்தவருக்கு உரிய இடம் ஆஸ்பத்திரிதான், வேறெங்கே போனாலும் படிப்பு வீண்" என்று எதிரணி அம்மையார் முழங்கிவிட்டுப் போனார். அம்மா, அது சினிமா பார்த்து வந்த நினைப்பு! ஒரு சாய்வு நாற்காலி. "கண்ணை மூடுங்க, சின்ன வயசுல என்ன நடந்தது?" (சிரிப்பு)

நம்ம பிள்ளைங்களும் அந்த அறையை நினைச்சுத்தான் சேருது. மூணு வருஷத்துல பட்டம் வருது; அறை வரலை. ஏன்? மருத்துவ உளவியலாளர்னு பலகை மாட்ட, அதற்கு மேலும் படித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்ய வேண்டும். பி.எஸ்ஸி. என்பது வாசற்படி, வீடு இன்னும் உள்ளே இருக்கு! இதைச் சேரும்போது சொல்லாமல், முடித்த பிறகு "ஏமாந்துட்டியே"ன்னு பிள்ளையைத் திட்டலாமா?

மேலே படிக்க வசதியில்லாத வீடுகளும் உண்டே. விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையத்தை எடுத்துக்குங்க. செம்மண் பூமி, முந்திரித் தோப்பு. 1968-இல் பக்கத்திலேயே ஆரோவில் பிறந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி உளவியல் படித்துவிட்டு எங்கே போவாள்? பள்ளிக்கூடத்துக்கு, விடுதி வரவேற்பு மேசைக்கு, புதுச்சேரியில் ஒரு கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவுக்கு. இது வீணா?

2015-16 தேசிய மனநல ஆய்வு சொல்கிறது: பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு மனநலக் குறை. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையை எட்டவே இல்லை. அந்தப் பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியிலா? வகுப்பிலே, ஆபீசிலே, நம்ம வீட்டு அடுப்பங்கரையிலே!

பரீட்சையில் தோற்ற பையன் சோறு வேண்டாம்னு மூலையில் கிடக்கிறான். அப்பா "சோம்பேறி" என்கிறார். பாட்டி "கண்ணு பட்டிருக்கு" என்கிறாள். (சிரிப்பு) "இல்லீங்க, அவன்கிட்டப் பேசிப் பார்ப்போம்"னு சொல்ல, படித்த டீச்சர் ஒருத்தி அந்தத் தெருவிலே வேண்டாமா? அவள் வைத்தியம் பார்க்க வேண்டாம், பார்க்கவும் கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போகட்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். அதைச் சுழற்றிக் கையில் கொடுக்கட்டும். ஓர் உயிர் தப்பினால், அந்தப் படிப்புக்கு வேறென்ன சம்பளம் வேண்டும்? (கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, எதிர்பார்த்த இடம் கிடைத்தால் சந்தோஷம். கிடைத்த இடத்திலும் அந்தப் படிப்புக்கு வேலை காத்திருக்கிறது. இதை மனத்தில் வைத்து எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.