கட்டிலருகே கணக்குக் கேட்பதா?

(செஞ்சிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் கொத்தளத்தைக் கண்டு வியக்கின்றனர். 2025-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலே அது இடம்பெற்ற பெருமையைப் பேசிச் செல்கின்றனர். நான் உங்களை நிற்கச் சொல்வது அங்கேயுள்ள நெற்களஞ்சியத்தின் முன்னால்! 1690-இல் தொடங்கிய மொகலாயரின் முற்றுகை நீண்டு, 1698-இல் கோட்டை வீழ்ந்தது. முற்றுகைக்கு ஆளான கோட்டையிலே நெல்லுக்கு அளவுண்டு, பசிக்கு அளவில்லை. யாருக்கு எத்தனை படி என்ற கேள்வி அங்கே எழாமலா இருக்கும்?

அதே கேள்வி இன்று மருத்துவமனை வாயிலிலே நிற்கிறது. கட்டில் குறைவு, கலங்கி நிற்போர் அதிகம். யாருக்கு முதலிடம்?

"தானே தேடிக்கொண்ட நோய்க்காரனுக்குக் கடைசி இடம்" என்கிறார் நண்பரொருவர். குடித்துக் குடல் வெந்தவன், புகைத்து நெஞ்சு புண்ணானவன், தலைக்கவசமின்றிப் பறந்து தரையிலே விழுந்தவன் — இவர்களுக்கு ஊரார் வரிப்பணமா என்று கேட்கிறார். அவரை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஒழுங்காக வாழ்ந்து, நோயுற்று, வரிசையிலே காத்திருக்கும் உழைப்பாளிக்காகத்தான் அவர் பேசுகிறார். ஆகவே அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2023 மே திங்களில், இதே விழுப்புரம் மாவட்டத்திலே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் நச்சுச் சாராயம் 20-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே பாடை கட்ட ஆளின்றித் தெருவே அழுதது. 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும், "குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா?" என்ற குரல் தேநீர்க் கடைதோறும் கேட்டது. தொகையைப் பற்றி வாதிடுங்கள். அது வேறு வழக்கு. "அவனுக்குக் கட்டில் எதற்கு?" என்று அந்தக் குரல் ஓரடி முன்னே வைக்கும்போதுதான் நான் குறுக்கே நிற்கிறேன்.

மெத்தனால் என்ற நஞ்சு வயிற்றில் இறங்கிய உடனே கொல்வதில்லை. ஈரலிலே அது அமிலமாக மாறுகிறது. மாறிக் கண்ணைக் குருடாக்குகிறது. பிறகு மூச்சை முடக்குகிறது. மாறுவதற்குள் மாற்று மருந்து தரவேண்டும். எந்திரத்தின் மூலம் குருதியைத் தூய்மை செய்ய வேண்டும். டயாலிசிஸ் என்பது அதுதான். மணிக்கணக்கிலே உயிர் ஊசலாடுகிறது என்பதை மறவாதீர்கள்!

நான் நாடகம் எழுதுபவன். ஒரு காட்சியைக் காட்டுகிறேன். மருத்துவமனை வாயிலிலே பலகை தொங்குகிறது: "குடித்தவர்க்குக் கடைசி வரிசை." கூலித் தொழிலாளி ஒருவன் தள்ளாடி வருகிறான்.

"என்னப்பா செய்கிறது?"

"வயிற்றுவலி ஐயா."

"குடித்தாயா?"

அவன் பலகையைப் பார்க்கிறான், மனைவியைப் பார்க்கிறான். "இல்லை ஐயா!"

வயிற்றுவலிக்கு மருந்து கிடைக்கிறது. மாலையிலே, "விளக்கை ஏற்றவில்லையா?" என்று கேட்கிறான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. திரை விழுகிறது!

அவனைக் கொன்றது எது? சாராயம் பாதி, அந்தப் பலகை பாதி! மருத்துவர் நீதிபதியானால் நோயாளி குற்றவாளியாவான். குற்றவாளி உண்மை பேசுவானா?

கடல் கடந்தும் பாருங்கள். அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரிலே, 1960-களின் தொடக்கத்தில், டயாலிசிஸ் எந்திரங்கள் சில, நோயாளிகளோ பலர். பெயர் வெளியிடப்படாத எழுவர் குழு, யார் பிழைப்பது என்று தேர்ந்தது. உடல்நிலையைப் பார்ப்பது மருத்துவர் வேலை. குழு பார்த்ததோ வருமானம், படிப்பு, மாதாகோவிலுக்குச் செல்லும் வழக்கம்! 1962-இல் ஏடொன்று இதை வெளியிட, கண்டனம் மூண்டது. 1972-இல், சிறுநீரகம் செயலிழந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்கு அரசே செலவை ஏற்கும் சட்டம் பிறந்தது. தகுதியை நிறுக்கத் தராசு தூக்கியவர்கள், தம்மைப் போன்றவரையே தகுதியுடையோர் என்று கண்டனர். நம் ஊரில் அந்தத் தராசு யார் பக்கம் சாயும்? சேரிக்காரன் பக்கமா, சீமான் பக்கமா? மாளிகையிலே குடித்தவன் நோய்க்கு 'ஈரல் கோளாறு' என்று பெயர். குடிசையிலே குடித்தவன் நோய்க்குக் 'குடிகாரன் வினை' என்று பெயர்!

"ஈரல் ஒன்று, கேட்பவர் இருவர். அப்போது?" என்று நண்பர் மடக்குகிறார். அப்போதும் அளவுகோல் உண்டு. யாருக்கு ஆபத்து மிகுதி? யாருக்குப் பொருத்தினால் பலன் தரும்? இரண்டும் சமமென்றால், யார் முன்னே பதிந்தவர்? மீண்டும் குடித்தால் புதிய ஈரலும் கெடுமே என்று மருத்துவர் கணிப்பது பலனைப் பற்றிய கேள்வி, அது நியாயம். குடித்த குற்றத்துக்குத் தண்டனையாக மறுப்பது பழிவாங்கல். பிரான்சு நாட்டு மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்விலே, குடியால் ஈரல் கெட்டு மருந்துக்கும் மசியாத 26 பேரைத் தேர்ந்து, காலம் கடத்தாமல் மாற்று ஈரல் பொருத்தினர். ஆறு திங்களுக்குப் பின் உயிருடனிருந்தோர் நூற்றுக்கு 77. அவர்களைப் போன்றே நோயுற்றும் மாற்று ஈரல் பெறாதோரில் நூற்றுக்கு 23. தண்டனையென்று கதவை மூடியிருந்தால் அந்த வேற்றுமை சுடுகாட்டிலன்றோ தெரிந்திருக்கும்?

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரியும் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரிலே தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை என்றது. காயத்தைக் கேட்டது, தலைக்கவசத்தைக் கேட்கவில்லை. அபராதம் சாலையிலே, சிகிச்சை கட்டிலிலே!

அப்படியானால் பொறுப்பே வேண்டாமா? வேண்டும்! கேட்க வேண்டிய இடத்திலே கேளுங்கள். மெத்தனாலைக் கடத்தியவனை நீதிமன்றத்திலே கேளுங்கள். கண்மூடி நின்ற காவலரைக் கேளுங்கள். 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையையும் தன் கையிலெடுத்த அரசை, எந்தக் கொடி பறந்தபோதும், கேளுங்கள்! 2023-24-ஆம் ஆண்டில் அதன்வழி வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். புட்டிக்கு வரி வாங்கிய கை கட்டிலை மறுக்கலாமா? "கள்ளச்சாராயம் குடித்தவன் வரி கட்டவில்லையே" என்பீர்கள். புட்டியின் விலை எட்டாதவனைத்தானே அந்த நஞ்சு தேடி வருகிறது!

குடித்தவனிடமும் கேளுங்கள், அவன் பிழைத்து எழுந்த பிறகு. நண்பனாக, திண்ணையிலே அமர்ந்து. பிணத்திடம் பொறுப்புக் கேட்க முடியாது.

தோழர்களே! உங்கள் தெருவிலே ஒருவன் குடித்துவிட்டுக் கண் மங்குகிறது என்றால், 'ஏன் குடித்தாய்?' என்று தொடங்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தான், எப்போது குடித்தான் என்பதை அச்சமின்றி மருத்துவரிடம் சொல்ல வையுங்கள். வரிசையிலே காத்திருக்கும் அந்த ஒழுக்கமுள்ள உழைப்பாளிக்காக, இன்னொரு கட்டிலும் இன்னொரு எந்திரமும் கேட்டுக் குரல் எழுப்புங்கள். முன்னே நிற்பவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு அவருக்கு இடம் தேடாதீர்கள்.