பனிக்காலத்து மாலையும் ஒரு மாத வாசிப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்தின் மேடையில் புலவர் பலர் பேசியிருக்கின்றனர். நான் புலவன் அல்லேன். ஆனைகட்டியில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் ஓர் எளியவன். சென்ற மார்கழியில் என் வீட்டில் நடந்த ஒரு சிறு காரியத்தை உங்கள் முன் எடுத்துரைக்க வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் இங்கே நிற்கிறேன்.

ஆனைகட்டியை உங்களிற் பலர் அறிவீர்கள். மன்னார்க்காடு, அகளி வழியாக மலையேறி வந்தால் கேரளத்தின் கடைசி ஊர். கோவையிலிருந்து தடாகம் வழியாக வந்தால் தமிழகத்தின் கடைசி ஊர். இரண்டுக்கும் இடையே கொடுங்கரைப் பள்ளம் என்னும் சிற்றோடை ஓடுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரையில் அவ்வோடை மலபார் மாவட்டத்தையும் கோவை மாவட்டத்தையும் பிரித்த எல்லை. இருபுறமும் சென்னை மாநிலமே. அன்று முதல் அது இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. தண்ணீர் அன்று ஓடியபடியேதான் இன்றும் ஓடுகிறது. இருளர் மொழியும் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. ஆனால், பள்ளிக்கூடத்துப் பலகையில் எந்த எழுத்து என்பதை மட்டும் அவ்வெல்லை முடிவு செய்துவிடுகிறது.

என் மகளுக்கு வயது 13. மலையாள வழியில் படிக்கிறாள். வகுப்பில் நல்ல பெயர் எடுத்தவள். வீட்டில் எங்களோடு கொங்குத் தமிழ் பேசுவாள். ஆகவே அவளுக்குத் தமிழ் தெரியும் என்றே நான் எண்ணியிருந்தேன். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், ஊரிலிருந்து என் தாய்மாமன் எழுதிய கார்டு ஒன்று வந்தது. இன்றும் கார்டு எழுதும் வழக்கத்தை விடாத பெரியவர் அவர். என் தாயாருக்குக் கண்ணில் புரை. பேத்தியை அழைத்துப் படிக்கச் சொன்னார். அவள் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, எனக்கு இந்த எழுத்து வராதே!" என்றாள். என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கார்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, இரவு நான் வரும்வரை காத்திருந்தார். அதில் இருந்ததோ அவருடைய தம்பிக்கு உடல்நலம் இல்லை என்ற செய்தி.

பெரியோர்களே! தமிழ் விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. பள்ளியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் கற்பிக்க வேண்டியதைச் செவ்வனே கற்பித்தார்கள். நான் கற்பிக்க வேண்டியதை நான்தான் கற்பிக்கவில்லை.

மார்கழி பிறந்தது. எங்கள் ஊரில் அம்மாதத்தில் நீலகிரிச் சரிவிலிருந்து பனி இறங்கி, மாலையிலேயே வீடுகளைச் சூழ்ந்துகொள்ளும். இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டாகையால், அவசியமின்றி யாரும் வெளியே செல்வதில்லை. பனியும் யானையும் சேர்ந்து குடும்பத்தை ஒரே அறைக்குள் கூட்டிவைக்கின்றன. இந்த நற்பேற்றை இதுகாறும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் தாரை வார்த்துவந்தோம். அம்மாதம் முழுவதும் இரவு ஏழரை மணி முதல் எட்டரை மணி வரை நாவல் வாசிப்பது என்று முடிவு செய்தோம். என் மனைவி பச்சைத் துவரைக்காயை வேகவைத்து நடுவில் வைப்பாள். சுக்குமல்லிக் காப்பி ஆவி பறக்கும். ஒரே கம்பளிக்குள் பிள்ளைகள் இருவரும் அப்பத்தாவை ஒட்டிக்கொள்வார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்பர். இதுவே ஏற்பாடு.

முதலில் எடுத்துக்கொண்டது கல்கியின் 'பார்த்திபன் கனவு'. 1941-இல் 'கல்கி' இதழ் தொடங்கிய காலத்தில் தொடராக வெளிவந்த கதை அது. தபாலில் வரும் இதழை ஒருவர் உரக்கப் படிக்க, வீடே கூடியிருந்து கேட்ட காலம் அது. தொடரின் தாள்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! அவ்வாறு கேட்பதற்கென்றே அமைந்த கதையாதலால், ஒவ்வோர் அத்தியாயமும் 'அப்புறம்?' என்று கேட்கும்படி முடிகிறது. அந்தச் சிவனடியார் யார் என்னும் புதிர் என் 9 வயது மகனை ஆட்டிவைத்தது. நாளைய அத்தியாயத்தை இன்றே அறிந்துவிட வேண்டுமென்று என் மகள் தானே புத்தகத்தைத் தூக்கினாள். எழுத்துத் தெரியவில்லை. "சொல்லிக் கொடுங்கள், அப்பா" என்று அவளே கேட்டாள். நான் காத்திருந்த சொல் அதுதான்.

அவளுக்கு நேர்ந்த இடர் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே நேரும். மலையாளத்தில் க என்னும் இனத்துக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. "கடல் என்பதிலும் மகள் என்பதிலும் தங்கம் என்பதிலும் ஒரே எழுத்தா? எப்படி வாசிப்பது?" என்று திகைத்தாள். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் கனத்த ஓசை, இடையில் தனித்து வந்தால் மென்மை என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். "நாம் பேசுகிறபடியேதான்!" என்றாள். ஆம், விதி அவள் நாவில் ஏற்கெனவே இருந்தது. எழுத்தின் முகம்தான் புதிது. பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஒரு மாதம் போதுமென்று அன்று உணர்ந்தேன்.

இரண்டாவது, ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வெளிவந்தது, கொங்குநாட்டுப் பேச்சைத் துணிவாக நாவலில் ஏற்றிய நூல். இதை வாசிக்கும்போது என் தாயாரே ஆசிரியரானார். மாட்டைப் பூட்டிக் கவலை இறைப்பது எப்படி, பொழி என்பது எது என்றெல்லாம் எனக்கே அவர்தாம் விளக்கினார். கணவனை இழந்த நாகம்மாள் நிலத்தில் தன் பங்கைக் கேட்பதும், அதனால் குடும்பத்தில் விளையும் கேடும் அக்கதையின் பொருள். ஓரிரவு வாசிப்பு நின்றபோது, இளவயதிலேயே தாலி இழந்து, பிறந்த வீட்டில் உழைத்தே காலங்கழித்த தம் மூத்த சகோதரியைப் பற்றி என் தாயார் பேசத் தொடங்கினார். அதுவரை நாங்கள் கேட்டிராத செய்தி அது. "அவங்க ஏன் பங்கு கேக்கலே?" என்றாள் என் மகள். "கேட்டா யாரு கண்ணு குடுக்கறாங்க?" என்றார் என் தாயார். பெண்மக்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்ததை நான் எடுத்துச் சொன்னேன். அன்றிரவு எட்டரை மணி என்பது பத்தரை ஆயிற்று. ஒரு நாவல் வாய் திறந்ததால் ஒரு தாயும் வாய் திறந்தார்.

மூன்றாவது, தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்'. நம் எல்லை பிரிந்த அதே 1956-இல் மலையாளத்தில் வெளிவந்து, மறு ஆண்டே சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். என் மகள் ஊர் நூலகத்திலிருந்து மூலத்தை வாங்கிவந்தாள். நான் தமிழில் ஒரு பக்கம் வாசிக்க, அவள் மலையாளத்தில் அதைத் தொடர்ந்து பார்த்து, கடற்கரை மக்களின் பேச்சு மூலத்தில் எப்படி இருக்கிறது என்று விளக்குவாள். எழுத்து வராது என்று தலைகுனிந்த பெண், இரு மொழிக்கும் நடுவே எங்களுக்கு வழிகாட்டி ஆனாள். மலையாளம் கற்றது அவளுக்கு இழப்பன்று. தமிழையும் சேர்த்துக்கொண்டால் பெருஞ்செல்வம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மாதம் முடிவதற்குள் இந்நூல் முடியவில்லை. தையிலும் வாசித்தோம்.

பொங்கலுக்கு மாமனிடமிருந்து கார்டு வந்தது. உடல் தேறிவிட்டதாம். படித்தவள் என் மகள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஓரிடத்தில் தவறாகவே படித்தாள். என் தாயார் திருத்தவில்லை. "இன்னொருக்கா படி, கண்ணு" என்றார்.

அன்பர்களே! நாவல் என்பது பொழுதுபோக்கு என்று சிலர் இகழ்வர். 1879-இல் தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறிற்று. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பதவி வகித்தவர். பெண்கல்விக்காகப் பேனா எடுத்தவர். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். நாம் வாழும் இந்நாட்டிலோ, 1945-இல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் தொடங்கிய இயக்கம் இன்று சிற்றூர்தோறும் தழைத்திருக்கிறது. அண்டை வீட்டாரிடம் நல்லதைக் கற்பதில் நமக்கு என்ன கூச்சம்?

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இக்காலனியின் ஒவ்வொரு வீட்டிலும், பெட்டியடியிலோ பரணிலோ, ஒரு தமிழ் நாவலாவது உறங்கும். அதை எடுத்துத் தூசு தட்டிச் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள். ஓர் அலமாரி போதும். வருகிற மார்கழியில் வீட்டுக்கு ஒரு நூலாக மாற்றி மாற்றி வழங்குவோம். நாள்தோறும் ஒரு மணி நேரம், குடும்பமாக அமர்ந்து, வாய்விட்டு வாசியுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் என் போன்றோர் பேச வேண்டாம். உங்கள் பிள்ளைகள் இம்மேடையில் ஏறி ஒரு பக்கம் வாசிக்கட்டும். தடுமாறினாலும் பாதகமில்லை, இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்போம்.