தெருச் செய்தியும் தமிழ் இலக்கியமும் – மயிலையை முன்வைத்து



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் பேசத்தக்க பொருள்கள் பல உள. சங்கப் பாடல், காப்பியம், பக்தி இலக்கியம், புதுக்கவிதை என அவை விரியும். அவற்றின் நடுவே தெருச் செய்திக்கு இடம் உண்டோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. குழாயில் தண்ணீர் வரும் நேரம், கோயில் தேர் புறப்படும் நாள், எரியாத தெருவிளக்கு, பள்ளி ஆண்டு விழா, எதிர்வீட்டு முதியவரின் மறைவு ஆகியவற்றைச் சில்லறைச் செய்தி என ஒதுக்குவதே கற்றோர் வழக்கமாக உள்ளது. நாட்டுச் செய்தி பெரிது. உலகச் செய்தி அதனினும் பெரிது. தெருச் செய்தி சிறிது என்பது பொதுவான கணக்கு.

தமிழ் இலக்கியம் அவ்வாறு கணக்கிடவில்லை. ஊரில் நிகழ்வதை ஊராருக்குச் சொல்லும் பணியைத் தமிழ்ப் புலவர்கள் தம் பணியாகவே கொண்டனர். அப்பணியின் அருமையும் அதில் நேர்ந்துவிடும் குறையும் எவை என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முரசும் கல்லும்

சீத்தலைச் சாத்தனார் தம் காப்பியமாகிய மணிமேகலையை விழாவறை காதையில் தொடங்குகிறார். ஊரறிவிப்பு ஒன்றே காப்பியத்தின் வாயிலாக அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. புகார் நகரில் இந்திர விழா எடுக்க முடிவாகிறது. முரசறையும் வள்ளுவன் யானையின் பிடரியில் முரசேற்றித் தெருத்தெருவாக அதனை அறிவிக்கிறான். விழா 28 நாள் நிகழும் என்னும் செய்தியோடு அறிவிப்பு முடிந்துவிடவில்லை. தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புக. வாழையும் கரும்பும் நடுக. சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக. பகைவரோடும் சினமும் கலகமும் கொள்ளாது விலகிச் செல்க என்று அது விரிகின்றது.

துப்புரவு, அலங்காரம், அறிஞர் அரங்கு, அமைதி ஆகிய நான்கும் இன்றைய பேட்டை விழா அறிவிப்பிலும் இடம்பெறுவன. பட்டிமண்டபத்திற்கான அழைப்பு புதுமணல் பரப்பும் ஏவலுக்கு அருகிலேயே அமைந்திருப்பதை இலக்கிய வட்டத்தார் மகிழ்ந்து நோக்கலாம். அறிவரங்கும் தெருவும் அன்று வேறு வேறாக இல்லை.

முரசொலி காற்றில் கரைந்துவிடும். கல்லில் வெட்டியது நிற்கும். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியாக வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை அவை கூறுகின்றன. சொந்த மனையில் வீடு உடையவராதல், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் முதலிய தகுதிகள் அங்கே கூறப்பட்டுள்ளன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்பது அவற்றுள் மிகவும் சிறப்பான விதியாகும்.

இது தெருவளவான செய்தியே. ஏரியை யார் பார்த்துக்கொண்டார், யார் கணக்குக் கொடுக்கவில்லை என்பன அவ்வூராருக்கு மட்டுமே உரிய செய்திகள். எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தமிழர் தம் மக்களாட்சி மரபுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது இக்கல்வெட்டுகளையே. அன்று சிறியதாயிருந்த செய்தி இன்று வரலாறாயிற்று.

மயிலையின் விழா நிரல்

மயிலைக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்தில் பாடியது பூம்பாவைத் திருப்பதிகம். சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். அவளுடைய எலும்பும் சாம்பலும் சேமித்து வைக்கப்பட்டிருந்த குடத்தின் முன் நின்று சம்பந்தர் பதிகம் பாட, அவள் உயிர்பெற்று எழுந்தாள் எனச் சேக்கிழார் விரித்துரைப்பார்.

இறந்த பெண்ணை அழைக்கும் சம்பந்தர் விண்ணுலக இன்பத்தையோ மெய்ப்பொருள் விளக்கத்தையோ பாடவில்லை. அவளுடைய ஊரில் ஆண்டுதோறும் நிகழ்வனவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அடியாருக்கு அமுதளித்தல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம், அட்டமி நாள், ஊஞ்சல் விழாவாகிய பொற்றாப்பு, பெருஞ்சாந்தி எனப் பாடல்தோறும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இதனைக் காணாமலே போய்விடுவாயோ என்று பாட்டுக்குப் பாட்டு வினவுகிறார். தைப்பூசப் பாட்டில் நெய்யொழுகும் பொங்கற் சோறும் உண்டு. அதனைப் படைத்துக் கொண்டாடும் மகளிரும் உளர்.

ஊர் நிகழ்ச்சிகளின் நிரலே ஓர் உயிரை மீட்கும் மந்திரமாக இங்கு அமைகின்றது. இந்நிகழ்ச்சியை நம்பிக்கையால் ஏற்போரும் உளர். இலக்கியமாகக் கொள்வோரும் உளர். மனிதரை வாழ்வோடு பிணைப்பது அவர்தம் தெருவில் அடுத்து நிகழப்போவதை அறியும் ஆவலே என்னும் உண்மை இருசாராருக்கும் பொதுவாகும். இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளான அறுபத்துமூவர் விழாவில் பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி மயிலையில் நடித்துக் காட்டப்பெறுகிறது. அன்று மாட வீதிகளில் நீர்மோரும் பானகமும் அன்னமும் வழங்கப்படுகின்றன.

அச்சேறிய பேட்டை

வள்ளுவனின் முரசு தண்டோராவாயிற்று, தண்டோரா துண்டறிக்கையாயிற்று, பின்னர்ப் பேட்டைக்கென்றே செய்தித்தாள்கள் தோன்றின. சென்னையின் பழமையையும் நிகழ்வுகளையும் எழுதுவதற்காக வரலாற்றாளர் எஸ். முத்தையா 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். 1994இல் வின்சென்ட் டிசோசா 'மயிலாப்பூர் டைம்ஸ்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பேட்டையின் கடைகளும் நிறுவனங்களும் தரும் விளம்பர வருவாயால் நடந்து, வீடுகளுக்கு விலையின்றி வழங்கப்படுவது இவ்வகை இதழ்களின் இயல்பு. ஆதலின் வாசகரும் விளம்பரதாரரும் செய்திக்குரியவரும் ஒரே சில தெருக்களில் வாழ்வோராகின்றனர். எழுதியவரை மறுநாள் காய்கறிக் கடையில் சந்திக்க இயலும். தவறாக எழுதினால் அங்கேயே விடை சொல்லவும் வேண்டும்.

இவ்விதழ்களின் பணி அச்சோடு நின்றுவிடவில்லை. மயிலையின் வடக்கு மாட வீதியில் சனவரித் திங்களில் நிகழும் கோலப் போட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி 2004 முதல் கொண்டாடப்பெறும் சென்னை நாளும் இத்தகைய இதழாளர் முயற்சியின் விளைவுகள் எனலாம். செய்தியைத் தேடிச் சென்றவர்கள் செய்தி நிகழ்வதற்கும் காரணமாயினர்.

மேற்சுட்டிய இரண்டும் ஆங்கில இதழ்கள் என்பது தமிழன்பர் சிந்தனைக்குரியது. பூம்பாவைப் பதிகம் பிறந்த தெருவின் வாரச் செய்தியை ஆங்கிலத்தில் படிக்கும் நிலை யாரால் நேர்ந்தது? ஆங்கிலத்தில் எழுதியோரைக் குறைகூறிப் பயனில்லை, அவர்கள் எழுதினர். தெருச் செய்தியைச் சிறிதெனக் கருதி எழுதாதிருந்த தமிழ் கற்றோரையே அவ்வினா சாரும்.

வெள்ளத்தின் நாள்

தெருச் செய்தி சிறிதன்று என்பதைச் சென்னை ஒரு முறை உயிரைப் பணயம் வைத்து உணர்ந்தது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையாலும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீராலும் அடையாறு கரை கடந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. மின்சாரம் நின்றது; கைப்பேசிகள் பல இடங்களில் ஓய்ந்தன. ஊழியர் அச்சகத்தை அடைய இயலாமையால், 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2ஆம் நாள் சென்னையில் அச்சாகவில்லை.

அந்நாளில் மக்கள் வேண்டியது மாநிலத் தலைப்புச் செய்தியன்று. எந்தத் தெருவில் எவ்வளவு நீர்? எந்த வீட்டு மாடியில் முதியவர் தனித்துள்ளார்? எந்தப் பள்ளியில் உணவு கிடைக்கும்? படகு எங்கே நிற்கிறது? இவ்வினாக்களுக்கு விடை அறிந்தவர் அத்தெருவார் மட்டுமே. மூன்றாம் வீட்டில் நடக்க இயலாத ஒருவர் உண்டு என்று அறிந்திருந்த அண்டை வீட்டாரே அன்று தலைசிறந்த செய்தியாளர். அச்செய்தி பிழையின்றிச் சென்ற இடத்தில் உயிர் பிழைத்தது.

அன்று படகுகளைக் கொணர்ந்தவர் யார்? கடலோரக் குப்பங்களின் மீனவர். கடலில் செலுத்தும் படகுகளைத் தெருக்களில் செலுத்தி, முன்பின் அறியாதாரை அவர்கள் மீட்டனர்.

விடுபட்டோர்

இங்குத்தான் பேட்டைச் செய்தியின் குறையும் புலப்படுகிறது. மயிலை என்றவுடன் நினைவில் எழுவன கபாலீச்சரமும் தெப்பக்குளமும் நான்கு மாட வீதிகளும் சபாக் கச்சேரிகளுமே. மாட வீதியிலிருந்து கிழக்கே நடக்கும் தொலைவில் நொச்சிக்குப்பம் உள்ளது. அங்கு நிகழும் திருமணமும் தேர்ச்சியும் மறைவும் எத்தனை முறை செய்தியாயின?

2023 ஏப்ரலில் கடற்கரையை ஒட்டிய இணைப்புச் சாலையின் மீன்கடைகள், உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அகற்றப்பட்டபோது மீனவர் போராடினர். 2024இல் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அம்மக்களின் அன்றாடத்தை எழுதி வைத்தோர் மிகச் சிலர். போக்குவரத்து நெரிசல் என்னும் தலைப்பின்கீழ் அவர்கள் செய்தியாயினர். அண்டை வீட்டார் என்னும் தலைப்பின்கீழ் ஆகவில்லை.

சம்பந்தர் அவர்களை விடவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆதிரை விழாவைப் பாடுமிடத்து, அலை உலவும் மயிலையில் கூரிய வேல் வல்லோர் வாழும் சேரியையே அவர் சுட்டுகிறார். பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஊர் என்றால் சேரியும் உட்பட்டதே என்னும் தெளிவு அப்பதிகத்தில் உள்ளது. பிற்காலத்தார் எழுதும் மயிலை அதனினும் சுருங்குமாயின் அது வளர்ச்சியாகாது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கும் இது பொருந்தும். நிலமும் மனையும் உடையோரே அங்குக் குடவோலைக்கு உரியர். ஏனையோரின் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஆகவே கல்வெட்டைப் போற்றும்போது அதில் விடுபட்டோரையும் எண்ணுதல் நேர்மையாகும்.

கவிஞர்க்குரிய பணி

கவிஞர் செய்யத்தக்கது யாது? தண்ணீருக்குக் குடமேந்தி நிற்கும் சென்னைத் தெரு ஒன்றை அசோகமித்திரன் 'தண்ணீர்' என்னும் நாவலாக்கினார். இரண்டு வரித் தெருச் செய்தியாக மறைந்திருக்கக்கூடிய துன்பம் அங்கே நிலைபெற்றது. அனைவரும் நாவல் எழுத இயலாது. ஆயின் தம் தெருவை எழுதி வைக்க அனைவராலும் இயலும்.

இன்று தெருச் செய்தி கைப்பேசிக் குழுக்களில் நொடிக்கு நொடி வருகின்றது. வந்த விரைவில் அது மறைந்தும் போகின்றது. வதந்தியும் உண்மையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கேட்டு, சரிபார்த்து, நாளும் இடமும் குறித்து, நல்ல தமிழில் எழுதிச் சேமிப்பவர் தேவைப்படுகின்றனர். 2011இல் 200 வட்டங்களாக விரிந்த சென்னை மாநகராட்சிக்கு, 30 குடும்புகளின் கணக்கைக் கல்லில் பொறித்த ஊரினும் இத்தகையோர் மிகுதியாக வேண்டும். 2022 நவம்பரில் தமிழக நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்குப் பேசப்படுவதைக் கேட்டு எழுதுவதும் இலக்கியம் கற்றோர்க்குரிய பணியே.

இலக்கிய வட்டமும் ஒரு தெரு நிகழ்ச்சியே என்பதை மறத்தலாகாது. பத்தாண்டுகளின் அழைப்பிதழ்கள், வருகைப் பதிவேடுகள், முதற்கவிதை படித்து நடுங்கிய இளைஞரின் கையெழுத்து, வரிசையில் வழக்கமாக அமர்ந்து இப்போது இல்லாதாரின் பெயர் ஆகியவை இவ்வட்டத்தின் செப்பேடுகள். அவற்றைத் தொகுத்து வைத்தல் முதற்பணி. உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் வாழும் தெருவொன்றோடு தாம் இதுவரை நடந்திராத தெருவொன்றையும் ஏற்று, ஆண்டுக்கொரு முறை அங்கு நிகழ்ந்தவற்றை எழுதி இவ்வரங்கில் படித்தல் அடுத்த பணி. முதல் தெரு எளிது. இரண்டாவது தெருவே தேர்வு.

இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அதில் மாட வீதியின் கோலத்தோடு குப்பத்தின் வலையும் இடம்பெறுமாயின், பூம்பாவையை அழைத்த பாட்டின் மரபு இவ்வட்டத்தில் தொடர்கிறது எனலாம். அதற்கான முதற்குறிப்பை இன்று வீடு திரும்பும் வழியிலேயே எழுதத் தொடங்கலாம்.

வாழ்க தமிழ், வளர்க இலக்கிய வட்டம்.